துணைக்கு வந்தவள்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று எங்கள் வீட்டில் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. அன்று தம்பியை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2013 இல் தொடங்கிய இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தப் பிரிவின் வாசலில் சுவரை ஒட்டி நீளமான சிமெண்டுத் திண்ணை ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கே அது நிரம்பிவிடும். அங்கே உட்கார்ந்து காத்திருந்த மணிநேரங்களைக் கூட்டினால் என் வாழ்நாளில் சில மாதங்கள் தேறும். அந்தக் காத்திருப்பில் கண்ணில் பட்டவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டில் நடந்தவற்றையும், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அந்தத் திண்ணைக்குத் தனியாக வந்து சேர்பவர்கள் மிகக் குறைவு. இருபது, முப்பது வயது மகனோடு வந்த தாய்மார்கள் எந்நாளும் இருப்பார்கள். புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மகளோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்கள் இருப்பார்கள். குடியை நிறுத்துவதற்காகக் கணவனைக் கையோடு பிடித்து வந்த மனைவிமார்கள் இருப்பார்கள். மனைவியின் வாட்டத்தைக் கண்டு ஒரு கணவன் தானே அழைத்து வந்த காட்சியை இத்தனை ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர்கள் அதனினும் குறைவு. வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். நோயின் கடுமைதான் ஒருவரை மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அது பாதி உண்மைதான். யாருக்காக வீட்டில் இன்னொருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாரோ, அவர்தான் அங்கே வந்து சேர்கிறார்.

தம்பிக்கு நோய் தொடங்கியது 2010 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். தொழிற்பயிற்சி முடித்து லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் பையோடு வீடு திரும்பினான். இரவெல்லாம் விழித்திருந்தான். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றான். அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் பெயரைச் சொல்லி யாரோ திட்டுவதாகச் சொல்லிச் சுவரில் காதை வைத்துக்கொண்டே நிற்பான். அப்பொழுது அவனுக்கு வயது 21.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1982 இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அதன் வழியே மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கப்பட்டது எங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான். அது நடந்தது 1990-களின் பிற்பாதியில். ஆகவே, தம்பி நோயுற்றபோது எங்கள் மாவட்டத்தில் இலவச மருத்துவரும் இலவச மாத்திரையும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்தன. ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. கோடாங்கி எந்த ஊரில், எந்தக் கிழமையில் குறி சொல்வார், என்ன கொண்டுபோக வேண்டும், எவ்வளவு ஆகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சேவை இருப்பது வேறு. அது எந்தக் கிழமையில், எந்த அறையில் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருப்பது வேறு.

அறியாமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் அது எங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் உண்மையாக இருக்காது. முதல் ஆண்டின் முடிவிலேயே உறவினர் ஒருவர், "நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் மனநல மருத்துவரை அந்தப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் அன்றிரவு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். "பெண்ணின் கல்யாணம் முடியட்டும். இப்பொழுது ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்" என்றார் அப்பா. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. என் திருமணம் 2012 மே மாதத்தில் நடந்தது. அன்று தம்பியை மாமா வீட்டில் வைத்திருந்தார்கள். வெளியூரில் வேலை என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. என் கழுத்தில் தாலி ஏறுவதற்காக அவன் இரண்டு ஆண்டு மருந்தில்லாமல் இருந்தான் என்பதை நான் இன்றுவரை கடக்கவில்லை. ஒரு வீட்டில் திருமண வயதில் ஒரு பெண் இருந்தால், அந்த வீட்டு நோயாளியின் சிகிச்சை தள்ளிப்போகிறது. அந்த நோயாளியே பெண்ணாக இருந்தால், "ஒரு கால்கட்டைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று திருமணத்தையே மருந்தாகத் தந்துவிடுகிறார்கள். திண்ணையில் என்னோடு பேசிய தகப்பன்மார்களில் பலர் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

அந்த இடைக்காலத்தில் அம்மா அவனைக் குணசீலத்துக்கு அழைத்துப் போனார். காவிரிக்கரையில் இருக்கும் அந்தப் பெருமாள் கோயிலில் மனநோய் உள்ளவர்கள் 48 நாள் தங்கி, உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறுவது நெடுநாள் வழக்கம். கோயிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, அவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததாக 2002 இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. அதைப் பின்னாளில் அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. குணசீலத்தில் அம்மாவிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. துணைக்கு வந்தவரும் அங்கேயே தங்கலாம், சமைக்கலாம், மற்றத் தாய்மாரோடு பேசலாம். 48 நாளும் தம்பி ஓரளவு தூங்கினான். வீடு திரும்பிய மூன்றாம் வாரம் குரல்களும் திரும்பின. கோயிலா மருந்தா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் அந்தக் குடும்பத்தை இழந்துவிடுகிறார்கள். அம்மா இன்றும் புரட்டாசியில் குணசீலம் போகிறார். மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.

வேறொரு யோசனையும் வந்தது. இரவில் அவன் வெளியேறாதபடி காலில் சங்கிலி போடச் சொன்னார் பெரியவர் ஒருவர். 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்த செய்தி அம்மாவின் நினைவில் இருந்தது. "என் பிள்ளை காலில் இரும்பு ஏறாது" என்று அவர் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து வாசற்படியில் குறுக்கே படுத்துத் தூங்கினார்.

2013 இல் முதல் பிரசவத்துக்காக நான் தாய்வீட்டில் இருந்தபோது, எனக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் தம்பியைப் பார்த்தார். "இவர் எத்தனை நாளாக இப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். மூன்றரை ஆண்டில் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஒருவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. எந்தக் கிழமை மருத்துவர் வருவார், எத்தனை மணிக்குச் சீட்டு, எந்த அறை, ஆதார் அட்டையும் பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதுவும் வேண்டும் என்று என் கர்ப்பப் பதிவு அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். "நல்ல டாக்டரைப் பாருங்கள்" என்று சொன்னவர்கள் பலர் உண்டு. கிழமையும் அறை எண்ணும் சொன்னவர் அவர் ஒருவர்தான். யாருக்காவது உதவ விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் முதலில் விசாரித்து வைத்துக்கொண்டு பிறகு பேசுவது நல்லது.

அப்படியும் முதல் நாள் வீணாயிற்று. சீட்டு எழுதும் இடத்தில் இருந்தவர், பின்னால் இருபது பேர் நிற்க, "என்ன பிரச்சினை?" என்று உரத்துக் கேட்டார். அம்மா ஒரு கணம் தயங்கி, "தலைவலி" என்றார். பொதுமருத்துவத்துக்குச் சீட்டுக் கிடைத்தது; வலி மாத்திரையோடு வீடு திரும்பினோம். ஒரு நாள் கூலி போனதைவிட, அடுத்த வாரம் தம்பியை மீண்டும் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதுதான் எங்களை வாட்டியது. இரண்டாம் முறை, "மனநலப் பிரிவு" என்ற ஒரு சொல்லை மட்டும் துண்டுத்தாளில் எழுதி அம்மா நீட்டினார். வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து திண்ணையில் புதியவர்களைக் கண்டால் இந்த உத்தியைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவனைக் கிளப்பியதிலும் ஒரு தவறு செய்தோம். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் பேருந்தில் ஏற்றினோம். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நான்காம் மாதம் அவன் மாத்திரையை ரகசியமாகத் துப்பத் தொடங்கியதற்கு அந்தப் பொய்யும் ஒரு காரணம் என்று பின்னாளில் அவனே சொன்னான். தனக்கு நோய் இல்லை என்று உறுதியாக நம்பும் ஒருவரிடம் நோயைப் பற்றி வாதிடுவது பயன் தராது. ஆனால் தூக்கமில்லாமை அவருக்கே தெரிந்த துன்பம். "உனக்குத் தூக்கம் வரவில்லை, அதற்கு மருந்து வாங்கப் போகிறோம்" என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது, அவரை அவமதித்ததும் ஆகாது. இப்பொழுது நாங்கள் அவனிடம் எதையும் மறைப்பதில்லை.

மாத்திரையை அவன் துப்பியதற்கு மற்றொரு காரணம் உடல் விறைப்பு. ரிஸ்பெரிடோன் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் கை நடுங்கியது, நடை பொம்மையைப் போலாயிற்று, தலையணையில் எச்சில் ஊறியது. இப்படி ஆகக்கூடும் என்றும், அளவைக் குறைத்தோ துணை மாத்திரை கொடுத்தோ இதைச் சரிசெய்யலாம் என்றும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருக்கும் நாளில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மாத்திரை நின்றதும் முதலில் தெளிவாகத்தான் இருந்தான். அதைக் கண்டு நாங்களும் ஏமாந்தோம். இரண்டு மாதம் கழித்து நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பியது. முதல் முறை மருத்துவரைப் பார்ப்பதற்குள்ள தடைகளைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். பத்தாம் முறை போவதற்குள்ள தடைகள் வேறு வகையானவை, அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. மருத்துவர் முன் உட்காரும் சில நிமிடங்களுக்காக நான் ஒரு நோட்டில் தேதி போட்டுத் தூக்கம், சாப்பாடு, நடுக்கம், குரல் கேட்ட நாட்கள் ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு போகிறேன். "இந்த மாத்திரையால் என்னென்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று ஒவ்வொரு புதிய மாத்திரைக்கும் கேட்கிறேன். 15 நாளுக்குப் பதிலாக 30 நாளுக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்கக் கூச்சப்படுவதில்லை.

பணம் என்றால் மருந்துச் செலவு என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். மருந்து இலவசம்தான். இரண்டு பேரின் பேருந்துக் கட்டணம், நூறுநாள் வேலைத் திட்டத்தில் அம்மா இழந்த ஒரு நாள் கூலி, வழியில் தம்பி அடம்பிடித்தால் ஆட்டோ, மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, சிகிச்சைக்கும் பயணத்துக்குமாகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட வேண்டியிருந்ததைப் பதிவு செய்தது. 2021 இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒருவருக்கும் அது விரிந்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றிருப்பதால் தம்பிக்கும் மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தது. "அந்த அட்டை வேண்டாம், பெயர் கெட்டுவிடும்" என்று அப்பா ஓராண்டு தடுத்தார். பேருந்தில் ஏறுவதற்கு முன் சில்லறையை எண்ண வேண்டியதில்லை என்று ஆன பிறகு அம்மா ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. மனநலத்துக்கென்று போடப்பட்ட திட்டமல்ல அது; ஆனால் எங்கள் திண்ணையில் பெண்களின் எண்ணிக்கையை அதுதான் கூட்டியது என்று என் கண்ணுக்குத் தெரிந்த அளவில் சொல்வேன்.

இனி என்னைப் பற்றி. 2016 இல் இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு எதிலும் பற்று விட்டுப்போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். விடிந்தால் எழ முடியாது. குழந்தை அழுவது வேறு யார் வீட்டிலோ கேட்பதுபோல் இருக்கும். உடம்பெல்லாம் வலித்தது. மாமியார் வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து எல்லாம் இயல்பாக இருப்பதாகச் சொன்னார்கள். அதன்பின் நான் நடிக்கிறேன் என்பது வீட்டில் உறுதியாகிவிட்டது. இப்படியே இரண்டு ஆண்டு கழிந்தது. இந்த இரண்டு ஆண்டிலும், மாதம் தவறாமல், மனநல மருத்துவரின் மேசைக்கு முன் மூன்றடி தொலைவில் நான் உட்கார்ந்திருந்தேன். தம்பியின் நோட்டைப் பிரித்து அவன் எத்தனை மணிநேரம் தூங்கினான் என்று வாசித்துக் காட்டினேன். என் தூக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழி, கிழமை, அறை, மருத்துவர், மாத்திரை எல்லாம் தெரிந்தவள் நான். ஆனால் நான் துணைக்கு வந்தவள். துணைக்கு வந்தவருக்கென்று ஒரு சீட்டு இருக்க முடியும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

தம்பி கத்தினான், ஓடினான், ஊர் பார்த்தது. அவனுக்காக நாங்கள் எழுந்தோம். நான் சமைத்தேன், துவைத்தேன், அழுதால் குளியலறையில் அழுதேன். எனக்காக எழ யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அதே தேசிய ஆய்வில், மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களில் 75.5 விழுக்காட்டினரும், கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 85.2 விழுக்காட்டினரும் சிகிச்சை பெறாதிருந்தனர் என்று கண்டார்கள். அந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசத்தில் என்னைப் போன்றவர்கள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

2018 இன் கடைசியில், தம்பியின் சீட்டை எழுதி முடித்த மருத்துவர் தலையை நிமிர்த்தி, "நீங்கள் தூங்குகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, கண்ணீர்தான் வந்தது. தம்பி எழுந்து, தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, கதவருகே போய் நின்றுகொண்டான். அன்று எனக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதப்பட்டது.

மாத்திரையை ஏழு மாதம் அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்துச் சாப்பிட்டேன். முதல் இரண்டு வாரம் குமட்டல்தான் தெரிந்தது. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பலர் இந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்று மருத்துவர் முதல் நாளே சொன்னது எனக்குக் கைகொடுத்தது. மறைத்ததற்குக் காரணம் பயம். மனநிலை சரியில்லாத மனைவி என்று சொல்லி விவாகரத்துக் கேட்க இந்து திருமணச் சட்டத்தில் இடம் இருப்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இணைந்து வாழ முடியாத அளவுக்கான நோயை நிரூபித்தால்தான் அது செல்லும் என்பது யாருக்கும் தெரியாது. 2018 மே 29 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, ஒருவருக்கு மனநோய் என்று கண்டறியப்பட்டதாலேயே அவர் புத்தி சுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார் என்றும், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்றும் சொல்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடை செய்திருக்கிறது. மாத்திரை வாங்கியதே தனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று நடுங்கும் பெண்களிடம் இதைச் சொல்ல வேண்டும். எட்டாம் மாதம் நான் கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று.

2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. துணைக்கு ஆளில்லாதவர்களுக்கு இது பெரிய வழி. ஆனால் எங்கள் ஊரில் பல பெண்களின் கைப்பேசி கணவனின் பெயரில், கணவனின் சட்டைப்பையில் இருக்கிறது. எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், என் கைப்பேசியைக் கொடுத்து, நான் தள்ளி நின்றுகொள்கிறேன். இரண்டு பேர் இதுவரை அப்படிப் பேசியிருக்கிறார்கள்.

அப்பா இன்னும் அந்தத் திண்ணைக்கு வரவில்லை. தம்பிக்கு நோய் வந்த ஆண்டிலிருந்து குடிக்கிறார். இப்பொழுது காலையிலேயே கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் எதன் நடுக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு ஆண்டு நான் அவரை அழைக்கவில்லை, காரணம் கோபம். தம்பியின் சிகிச்சையைத் தடுத்தவர், அட்டையைத் தடுத்தவர் என்ற கோபத்தில், அவருக்காகச் செருப்பை மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்குத் துணையாக எழ வேண்டியவர்கள்தான் அவர்களிடம் மிகுதியாக அடிபட்டவர்கள். போன மாதம் முதன்முறையாக அவரிடம் கேட்டேன். "இவ்வளவு நாளாக நீ கூப்பிடவே இல்லையே" என்றார். முதல் பேருந்துக்கே அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். அன்று காலை எழவில்லை. குடியைத் திடீரென்று அவராகவே நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், அதனால் மருத்துவரைப் பார்க்கும்வரை அவரை மிரட்டி நிறுத்தக் கூடாது என்று தம்பிதான் அம்மாவிடம் விளக்கினான். திண்ணையில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். இந்த மாதம் அப்பாவோடு தானே வருவதாகவும், நான் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றால் போதும் என்றும் சொல்லியிருக்கிறான்.